டிராவல் டிரெய்லருக்கு எந்த ஹிட்ச்? 100 டாலர் பால் மவுண்டிலிருந்து 3,000 டாலர் புரோபிரைடு வரை

டெக்சாஸில் டிராவல் டிரெய்லர், அதாவது டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, வாங்கப் போகும் நண்பர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "என் ஃபோர்டு எஃப்-150 டிரக் பதினோராயிரம் பவுண்டு இழுக்குமாம். டிரெய்லர் ஏழாயிரம்தான். டீலர் ஏதோ ஒரு ஹிட்ச் சேர்த்துத் தருகிறேன் என்கிறான். அது போதாதா?"

ஹிட்ச் என்பது டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் கருவி. அது போதலாம், போதாமலும் இருக்கலாம். ஆனால் ஹிட்ச் பிராண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் டிரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள் விளிம்பில் ஒட்டியிருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான டயர் ஸ்டிக்கரைப் படித்துவிடுங்கள். "ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது" என்று ஒரு எண் இருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் வரும் பதினோராயிரத்தை விட இந்தச் சின்ன எண்தான் உங்கள் கையைக் கட்டப் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேலோடு 1,500 பவுண்டு உள்ள அரை டன் டிரக் (எஃப்-150 இந்த வகைதான்). டிரெய்லர் 26 அடி, சாமான் ஏற்றியபின் 6,800 பவுண்டு. டிரெய்லரின் முன்மூக்கு ஹிட்ச் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையை டங் வெயிட் என்பார்கள். டிராவல் டிரெய்லர் நேராக ஓட வேண்டுமென்றால் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும். 13 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 880 பவுண்டு. ஹிட்ச் கருவியின் எடை 90. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 470. டிரக் பின்தட்டில் ஜெனரேட்டர், விறகு, கூலர் என்று 150. கூட்டினால் 1,590. ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் அவரைச் சேர்க்கவே இல்லை. இழுவைத் திறனில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடாமலே டிரக் நிறைந்துவிட்டது.

டிரெய்லர் பிரசுரத்தில் போட்டிருக்கும் டங் வெயிட்டை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அது வெறும் டிரெய்லருக்கான எண். பல நேரம் பேட்டரிகூட அதில் சேர்ந்திருக்காது. முன்னால் நிற்கும் இரண்டு 30 பவுண்டு புரொப்பேன் உருளைகள் நிரம்பியபின் 110 பவுண்டு அளவுக்கு வரும். பேட்டரி இன்னொரு 50. முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் அறையில் அரிசி மூட்டையும் கிரைண்டரும் ஏறினால் அதுவும் நேரே மூக்கில்தான் இறங்கும். பிரசுரத்தில் 600 என்று போட்ட டிரெய்லர் ஊருக்குக் கிளம்பும் நாளில் 850 காட்டுவது சாதாரணம். தண்ணீர்த் தொட்டியையும் கவனியுங்கள். 40 கேலன் தண்ணீர் 330 பவுண்டுக்கு மேல். தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் மூக்கில் எடை கூடும், பின்னால் இருந்தால் குறையும். குறைவதுதான் பெரிய ஆபத்து, அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, இந்த 880 பவுண்டு டிரக்கை என்ன செய்கிறது? ஹிட்ச் பால், அதாவது டிரெய்லரின் மூக்கு வந்து உட்காரும் எஃகு உருண்டை, பின்னச்சுக்கு ஏறத்தாழ 5 அடி பின்னால் இருக்கிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 12 அடி. சீசா பலகையின் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புவது போலத்தான்: முன்னச்சிலிருந்து ஏறக்குறைய 360 பவுண்டு பறிபோகிறது, அதுவும் டங் வெயிட்டும் சேர்ந்து பின்னச்சில் 1,240 பவுண்டு ஏறுகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன் சக்கரங்களில் இருப்பதால், அங்கே எடை குறைந்தால் வண்டி லேசாக மிதப்பது போலத் தெரியும். இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

இதைச் சரிக்கட்டத்தான் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். ஹிட்ச் தலையிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் டிரெய்லரின் சட்டத்தோடு பின்னோக்கிப் போகும். அவற்றை வளைத்து இறுக்கிக் கட்டும்போது எழும் நெம்புவிசை பின்னச்சில் ஏறிய எடையில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும், இன்னொரு பகுதியை டிரெய்லரின் சொந்தச் சக்கரங்களுக்கும் தள்ளிவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிரக்கின் பின்பக்கம் தொங்குகிறதென்று பின்னச்சில் காற்றுப் பை (ஏர் பேக்) போட்டுத் தூக்குபவர்கள் உண்டு. பின்பக்கம் உயரும், பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்கும். முன்னச்சுக்கு ஒரு பவுண்டுகூடத் திரும்பி வராது. ஏர் பேக் கெட்ட பொருள் அல்ல. ஆனால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷனுக்கு அது மாற்று இல்லை.

இனி கடையில் கிடைப்பவற்றைப் பார்க்கலாம்.

மலிவானது வெறும் பால் மவுண்ட், அதாவது பாலைத் தாங்கும் ஒரு எஃகுத் தண்டு மட்டும். 50 முதல் 100 டாலருக்குள் முடிந்துவிடும். 3,000, 3,500 பவுண்டு சின்ன டிரெய்லருக்கு இது தாராளம். பெரிய டிரெய்லருக்குப் போதுமா என்பதை ரிசீவர் (டிரக்கின் பின்னடியில் ஹிட்சைச் செருகும் சதுரக் குழாய்) மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே சொல்லிவிடும். அதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று. பல ஆண்டு எஃப்-150களில் இல்லாமல் என்ற வரிசையில் 5,000 பவுண்டும் டங் வெயிட் 500ம்தான். நம் 880 பவுண்டு அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆக, நம் உதாரணத்தில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. அரை டன்னை விடக் கனமான முக்கால் டன், ஒரு டன் வகை டிரக் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் சொகுசு. அவர்களும் தங்கள் ஸ்டிக்கரைப் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். எஸ்யூவியில் 4,500 பவுண்டு டிரெய்லர் இழுக்கப் பார்ப்பவர்கள் கையேட்டைக் கட்டாயம் புரட்டுங்கள். சில வண்டிகளில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போடவே கூடாது என்று எழுதியிருக்கும்.

அடுத்த படி, பழைய பாணி வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சும் தனியாக ஒரு ஃப்ரிக்‌ஷன் பாரும். ரீஸ், கர்ட் போன்ற பெயர்களில் 350 முதல் 500 டாலருக்குக் கிடைக்கும். டீலர் "சேர்த்துத் தருகிறேன்" என்பது பெரும்பாலும் இதுதான். எடையைப் பகிரும் வேலையை இது நன்றாகவே செய்யும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் ஃப்ரிக்‌ஷன் பாரில். இது டிரக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவே பக்கவாட்டில் மாட்டும், உள்ளே நீண்டு சுருங்கும் ஒரு தண்டு. கைப்பிடியைத் திருகி இறுக்கினால் பிரேக் பட்டை மாதிரியான ஒரு பொருள் உரசி, டிரெய்லர் வாலாட்டுவதைத் தடுக்கும். பின்னோக்கி ஓட்டும் முன் இதைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் கூர்மையாகத் திருப்பும்போது வளைந்துவிடும். வழுக்கும் சாலையில் தளர்த்திவிடச் சொல்வார்கள், ஏனென்றால் டிரக் திரும்பும்போது டிரெய்லர் கூடவே திரும்பாமல் நேரே தள்ளப் பார்க்கும். இரவு எட்டு மணிக்கு மழையில் கேம்ப்கிரவுண்டுக்கு வந்து சேர்ந்து, இடத்தில் டிரெய்லரைப் பின்னோக்கிச் செருகும் முன் இறங்கிப் போய் ஒரு தண்டைக் கழற்ற எத்தனை பேர் ஒழுங்காக நினைவு வைப்பார்கள்? 20 அடிக்குள், 5,000 பவுண்டுக்குள் இருக்கும் டிரெய்லருக்கு இதை வாங்கலாம். 26 அடிக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வகையில்தான் பெரும்பாலானோர் வந்து நிற்பார்கள், நானும் அங்கேதான் நிற்கச் சொல்வேன். ஸ்வே எனும் வாலாட்டத்தை அடக்கும் கட்டுப்பாடு ஹிட்சுக்குள்ளேயே அடங்கியிருக்கும், தனித் தண்டு இல்லை. இதில் பெயர் பெற்றது யூட்டாவில் தயாராகும் ஈக்வலைசர். கம்பிகள் சங்கிலியில் தொங்காமல், டிரெய்லர் சட்டத்தில் பொருத்திய எல் வடிவத் தாங்கிகள் மேல் உட்காரும். ஹிட்ச் தலையில் இரண்டு இடம், தாங்கிகளில் இரண்டு இடம் என்று நான்கு புள்ளிகளில் உராய்வு. வால் ஒரு பக்கம் போகப் பார்த்தால் நாலும் சேர்ந்து பிடிக்கும். அதே நிறுவனத்தின் மலிவுப் பதிப்பு ஃபாஸ்ட்வே இ2, இதில் உராய்வுப் புள்ளி இரண்டுதான். விலை 500 முதல் 900 டாலருக்குள், அளவைப் பொறுத்து. எதையும் கழற்றாமல் பின்னோக்கி ஓட்டலாம்.

குறை? சத்தம். எஃகின் மேல் எஃகு உரசுவதால், கேம்ப்கிரவுண்டில் திரும்பும்போது முறுக்கிக்கொண்டு ஒரு கிரீச் வரும். தூங்குகிறவர்கள் எழுந்து பார்ப்பார்கள். ஹிட்ச் தலையில் கிரீஸ் தடவலாம், தாங்கிகளில் தடவக் கூடாது. அங்கே உராய்வுதான் சரக்கே. சத்தம் பொறுக்க முடியாதவர்கள் நெப்ராஸ்காவில் செய்யும் புளூ ஆக்ஸ் ஸ்வேபுரோ பக்கம் போகிறார்கள். அதில் கம்பிகள் சங்கிலியில் தொங்கும், சத்தம் குறைவு. விலை சற்று கூடுதல். இரண்டில் எது சிறந்தது என்று நெருப்பு மூட்டி உட்கார்ந்து விடிய விடியச் சண்டை போடுபவர்கள் உண்டு. சரியான அளவு வாங்கி ஒழுங்காக அமைத்தால் இரண்டும் வேலை செய்யும். அந்தச் சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை.

அளவு என்றேனே, அதுதான் பிராண்டை விட முக்கியம். கம்பிகளுக்கு 600, 1,000, 1,200 பவுண்டு என்று டங் வெயிட் வரம்பு உண்டு. நம் 880க்கு 1,000 பவுண்டு கம்பி சரி. டிரக் பின்தட்டின் கடைசிப் பக்கம் ஏற்றும் சாமானும் ஹிட்சுக்குப் பாரம்தான் என்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள். 1,000த்தை நெருங்கினால் 1,200 வாங்குங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 1,400க்குப் போனால் கம்பி வளைந்தே கொடுக்காது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் சட்டத்தில் அடி விழும். அப்புறம், ரிசீவர், ஷாங்க் (அதற்குள் நுழையும் தண்டு), பால், கப்ளர் (பாலைக் கவ்வும் டிரெய்லர் மூக்கு), கம்பி என்ற வரிசையில் எது குறைந்த எண்ணோ அதுதான் மொத்த அமைப்பின் எண். இந்த அளவு டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் 2 5/16 அங்குல பால் வரும். அதன் கப்ளர் 2 அங்குல பாலின் மேலும் உட்கார்ந்துவிடும், முதல் பெரிய பள்ளத்தில் எழும்பிப் போகும். பால் மேல் பொறித்திருக்கும் அளவை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஐடஹோவில் செய்யும் ஆண்டர்சன் ஒரு தனி ரகம். கம்பிகளே கிடையாது. சங்கிலியும் யூரித்தேன் ரப்பர் உருளைகளும்தான். பால் ஒரு கூம்பில் பொருந்திச் சுழலும், அந்தக் கூம்பின் உராய்வுதான் ஸ்வேயைத் தடுக்கிறது. மொத்தமே 60 பவுண்டு அளவுதான். கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. வயதானவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் இது வரப்பிரசாதம். ஆனால் எடையை முன்னச்சுக்குத் தள்ளும் திறன் எஃகுக் கம்பி அளவுக்கு வராது என்பது இதைத் தராசில் ஏற்றிப் பார்த்தவர்கள் அடிக்கடி சொல்லும் புகார். முக்கால் டன் டிரக், எடைப் பகிர்வு அதிகம் தேவையில்லை, வாலாட்டம் மட்டும் அடங்க வேண்டும் என்றால் நல்ல தேர்வு. அரை டன் டிரக்கில் 880 பவுண்டு டங் வெயிட் என்றால் எனக்குத் தயக்கம்.

கடைசியில் ராஜா வகை: ஹென்ஸ்லி ஆரோ, புரோபிரைடு 3பி. இரண்டும் மிச்சிகன் சரக்கு, இரண்டும் ஜிம் ஹென்ஸ்லி என்பவரின் வடிவமைப்பிலிருந்து வந்தவை. விலை 3,000 டாலருக்கு மேல். இவை உராய்வை நம்புவதே இல்லை. மற்ற எல்லா ஹிட்சும் டிரெய்லரைப் பால் என்ற ஒரு புள்ளியில் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியை உராய்ந்து அடக்கப் பார்க்கின்றன. இவற்றில் பாலுக்கும் டிரக்குக்கும் நடுவே ஒன்றையொன்று நோக்கிச் சாயும் இணைப்புத் தண்டுகள் இருக்கின்றன. அவற்றின் கோணத்தால், டிரெய்லர் உண்மையில் சுழலும் மையம் பாலில் இருந்து முன்னால் நகர்ந்து டிரக்கின் பின்னச்சுக்கு அருகே போய்விடுகிறது. டிரக் திரும்பினால் டிரெய்லர் திரும்பும். காற்றோ பக்கத்தில் விரையும் பதினெட்டுச் சக்கர லாரியோ டிரெய்லரைத் தள்ளினால், அது டிரக்கின் பின்பக்கத்தை இழுத்துத் திருப்ப வழியில்லை. பொறியியலாக இது அழகான தீர்வு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பணம் தவிர இன்னொரு விலையும் இருக்கிறது. கருவியே 200 பவுண்டை ஒட்டி வரும். நம் கணக்கில் ஏற்கெனவே 90 பவுண்டு மிஞ்சிப் போயிருக்கிறது, இதைப் போட்டால் 200 ஆகிவிடும். இணைப்பதும் வேறு மாதிரி. டிரக்கிலிருந்து நீளும் தண்டை ஹிட்ச் வாய்க்குள் நேராக நுழைக்க வேண்டும், தரை சாய்வாக இருந்தால் கொஞ்ச நேரம் பொறுமையைச் சோதிக்கும். 30 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரோடு வருடத்தில் பல மாதம் சாலையில் இருப்பவர்கள், நியூ மெக்சிகோவின் ஐ-40, வயோமிங்கின் ஐ-80 போன்ற காற்று நெடுஞ்சாலைகளைத் தவிர்க்க முடியாதவர்கள் வாங்கட்டும். ஆண்டுக்கு நாலைந்து வார இறுதிகள் ஏரிக்கரைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பணம் நல்ல டயர்களிலும், டிரக்கிலிருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரிலும் போனால் பயன் அதிகம்.

எந்த ஹிட்சும் தீர்க்காத ஒன்று உண்டு. பின்பாரம் மிகுந்த டிரெய்லர். சைக்கிள்களைப் பின் பம்பரில் தொங்கவிட்டு, பின்னால் இருக்கும் தொட்டியை நிரப்பி, டங் வெயிட் 8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், அந்த டிரெய்லர் இயல்பிலேயே ஆடும் டிரெய்லர். ஸ்வே பார் ஆட்டத்தைக் கொஞ்ச வேகம் வரை மறைத்து வைக்கும். பிறகு ஒரு இறக்கத்தில், 70 மைல் வேகத்தில் அது வெளியே வரும்போது பிடிக்க நேரம் இருக்காது. பேலோடு பற்றாமல் போகிறதே என்று டங் வெயிட்டைக் குறைப்பவர்கள் இந்த வலையில்தான் விழுகிறார்கள். பேலோடு பற்றாவிட்டால் சின்ன டிரெய்லர் வாங்குங்கள், அல்லது பெரிய டிரக். சாமானைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரக்கின் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கன்ட்ரோலரில் கையால் அழுத்த வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே கை பழகியிருக்கட்டும். புது டிரக்குகளில் வரும் மின்னணு ஸ்வே கன்ட்ரோல் நல்ல காவல்தான். ஆனால் அது ஆட்டம் தொடங்கிய பிறகு விழிப்பது.

வேகத்தைப் பற்றி ஒரு வரி. டிரெய்லர் டயர்களில் பல 65 மைலுக்கு மேல் ஏற்பில்லாதவை. கலிஃபோர்னியாவில் இழுக்கும் வண்டிக்குச் சட்டமே 55.

சரியான ஹிட்ச் வாங்கியபின் அதைச் சரியாக அமைப்பது அடுத்த வேலை. இதில்தான் டீலர்ஷிப்பில் அவசரம் நடக்கிறது. காலி டிரெய்லரை வைத்து அமைத்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் சாமான் ஏற்றியதும் எல்லாம் மாறிவிடும். முன்பெல்லாம் முன்பக்கம் பழைய உயரத்துக்கு முழுதாக வரும்வரை கம்பிகளை இறுக்கச் சொல்வார்கள். இப்போது பல டிரக் கையேடுகள் பாதி வந்தால் போதும் என்கின்றன. அளவுக்கு மீறி இறுக்கினால் பின் சக்கரங்களின் பிடி குறைந்து, வளைவில் டிரக்கின் பின்பக்கம் வெளியே விலகப் பார்க்கும். உங்கள் டிரக்குக்கு எவ்வளவு என்று கையேட்டிலேயே பாருங்கள். அளக்கும் முறை எளிது. முன் சக்கர வளைவின் விளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளங்கள்: டிரெய்லர் இல்லாமல், மாட்டியபின் கம்பி இல்லாமல், கம்பி இறுக்கியபின்.

டேப்போடு நிறுத்தாமல் ஒரு லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற லாரி எடைமேடைக்குப் போங்கள். நெடுஞ்சாலை ஓரம் பெரிய லாரி நிறுத்தங்கள் பலவற்றில் இருக்கும். முதல் எடைக்கு 15 டாலர் அளவு, உடனே திரும்ப எடை போட்டால் இன்னும் குறைவு. முன்னச்சு ஒரு தட்டில், பின்னச்சு ஒரு தட்டில், டிரெய்லர் மூன்றாவது தட்டில். முதலில் எல்லாம் மாட்டி, கம்பி இறுக்கி. பிறகு கம்பியைக் கழற்றிவிட்டு. கடைசியில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு டிரக் மட்டும். இரண்டாம் சீட்டில் டிரக்கின் இரண்டு அச்சுகளையும் கூட்டி, மூன்றாம் சீட்டின் மொத்தத்தைக் கழித்தால் உண்மையான டங் வெயிட் கைக்கு வரும். நம் உதாரணத்தில் முன்னச்சு தனியாக 3,200 என்றால், கம்பி இல்லாமல் 2,840 காட்டும், கம்பி இறுக்கியபின் 3,020 வந்தால் பாதி மீண்டுவிட்டது. வராவிட்டால் ஹிட்ச் தலையின் சாய்வில் ஒரு வளையம் சேர்த்தோ கம்பியின் உயரத்தை மாற்றியோ மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். முழு டிரெய்லரோடு ஒரு சனிக்கிழமைக் காலை போய்விடும், போகட்டும்.

விலை இடிக்கிறவர்களுக்கு: பழைய ஈக்வலைசரோ புளூ ஆக்ஸோ டிரெய்லரை விற்பவர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும், எஃகு அவ்வளவு சீக்கிரம் தேயாது. வாங்கும்போது கம்பியின் மேல் பொறித்த எடை வரம்பைப் பாருங்கள், பற்றவைத்த இடங்களில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், தாங்கிகள் உங்கள் டிரெய்லர் சட்டத்தின் உயரத்துக்குப் பொருந்துமா என்று அளங்கள். ஷாங்கின் இறக்கம் மட்டும் உங்கள் டிரக்குக்கு ஒத்துவராமல் போகலாம், அதைத் தனியாகப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பாலைக் கழற்றி மாட்டினால் 1¼ அங்குலத் தண்டுக்கு 450 அடி-பவுண்டு முறுக்கு வேண்டும். வீட்டுக் கராஜில் இருக்கும் டார்க் ரெஞ்ச் அதற்குப் பெரும்பாலும் எட்டாது. லாரி டயர் கடையில் கொடுத்தால் சில நிமிடத்தில் முடித்துத் தருவார்கள்.